கண்ணை மூடினால் கோடு

அவளை எனக்குப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இரண்டு பேரும் நீளம் தாண்டுபவர்கள். அடையாறில் ஒரே மைதானம், ஒரே பயிற்சியாளர். அவள் மந்தைவெளி, என்னைவிட இரண்டு வயது பெரியவள். நான் பட்டினப்பாக்கம். என் பையைத் தன் பைக்குப் பக்கத்தில் வைத்தால் மீன் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னவள்.

அந்த வருடம் பயிற்சியாளர் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி, போட்டியில் தாண்டுவதை மனதுக்குள் பார்க்க வேண்டும்.

"பதினேழு ஸ்டெப். ஒவ்வொண்ணையும் பாரு. எகிறுற பலகைல கால் படற சத்தம் கேக்கணும். அப்புறம் மணல். வேற எதுவும் உள்ள வரக் கூடாது" என்றார்.

எங்கள் வீட்டில் எங்கே கண்ணை மூடுவது? இருப்பது ஒரே அறை. மீன் கடையை முடித்துவிட்டு வந்த அம்மா காலால் என் முட்டியை இடித்தாள்.

"இன்னாடி, குந்திக்கினே தூங்கினுகீற? தண்ணி லாரி வந்துக்கீது, எந்திரி."

"தூங்கல. தாண்டிக்கினு கீறேன்."

"தாண்டு, தாண்டு. கொடத்த எடுத்துக்கினு தாண்டு."

தண்ணீர் வரிசையில் நின்றபடியே கண்ணை மூடிப் பழகினேன். மூன்று வாரத்தில் பதினேழு ஸ்டெப்பும் அறுபடாமல் வந்தன. மைதானத்திலும் கால் பலகையில் சரியாக விழுந்தது. பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

போட்டி நாளில், என் முதல் தாண்டலுக்கு முன் ஓடுபாதையின் முனையில் கண்ணை மூடி நின்றிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து, அக்கறையோடு சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"பாத்து. கோட்டை மிதிச்சிடாத."

அதுவரை என் மனதில் பலகை விளிம்பில் இருக்கும் அந்தக் கோடே கிடையாது. அதன்பின் கோட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. ஓடினேன், கோட்டை மிதித்தேன். சிவப்புக் கொடி. இரண்டாவது தடவையும் சிவப்புக் கொடி. அவள் கை தட்டினாள்.

முந்தைய வருடம் அவள் கணுக்கால் பிசகி மூன்று மாதம் தாண்டாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டாவது தாண்டலுக்கு முன் நான் பக்கத்தில் போனேன். அதுவரை அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"இன்னா அக்கா, கணுக்கால் வீங்கினாப்ல கீது? எனுக்குத்தான் அப்டி தெரியுதா?"

கண்ணைத் திறந்து காலைக் குனிந்து பார்த்தாள். ஓடியவள் பலகைக்கு முன்னால் தயங்கி, மணலின் ஓரத்தில் விழுந்தாள். உட்கார்ந்தபடியே கணுக்காலைத் தடவிப் பார்த்தாள். எனக்கு வயிறு குளிர்ந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

மூன்றாவது தடவை நான் பயந்து, பலகைக்கு வெகு முன்னாலேயே எகிறிவிட்டேன். சிவப்புக் கொடி எழவில்லை, தூரமும் இல்லை. அவளும் மூன்று தாண்டலிலும் தேறவில்லை. அடுத்த சுற்றுக்கு இருவர் பெயரையும் கூப்பிடவில்லை.

"ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று பயிற்சியாளர் கேட்டார்.

"எதிர்க்காத்து சார்" என்றாள் அவள்.

"ஆமா சார்" என்றேன்.

அவர் எங்களுக்குப் பின்னால் இருந்த மரங்களைப் பார்த்தார். ஓர் இலைகூட அசையவில்லை. பைகளை எடுத்துக் கட்டினார்.

அடுத்த மாதம் அவள் வேறு மைதானத்துக்குப் போய்விட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவளும் என்னை மன்னித்திருக்க மாட்டாள். மன்னிக்கச் சொல்லி நான் கேட்கப்போவதுமில்லை.