ஆள் வைத்துவிட்டு எழுந்தவர்

குத்தாலம் கடைத்தெருவில் டீ குடிக்கப் போனால், கடையில் ஓடும் சினிமாப் பாட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் துரைராசு தம் மூத்த மகனிடம் கேட்பார்: “இதுல நீ எங்கடா இருக்க?”

இராஜாங்கத்தால் ஒரு நாளும் பதில் சொல்ல முடிந்ததில்லை. அந்தப் பாட்டில் அவர் வயலின் வாசித்திருப்பது உண்மைதான். ஆனால் முப்பது நாற்பது வில் ஒன்றாக இழுத்த இடத்தில் தம்முடையதை எப்படிப் பிரித்துக் காட்டுவது? அப்படித் தனியாகக் கேட்டால் தப்பாக வாசித்திருக்கிறேன் என்று அர்த்தம் என ஒருமுறை அப்பாவுக்கு விளக்கினார். துரைராசு ஆயுள் முழுக்கக் குத்தகை நிலத்தில் நெல் போட்டவர். டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். “நடவு மாதிரின்னு சொல்லு. நட்டு முடிச்சப்புறம் எந்த நாத்து யாரு நட்டதுன்னா தெரியும்?” என்றார். அடுத்த பாட்டு வந்ததும் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார்.

இராஜாங்கம் திருவையாற்றில் வயலின் படித்துவிட்டு 1990 ஆனி மாதம் சென்னைக்குப் போனார். ஒலிப்பதிவுக் கூடத்தில் வயலின் வரிசையின் கடைசி நாற்காலி கிடைத்தது. வயோலாக்காரர் வராத அன்று வயோலா வாசித்தார். நாகூர்ப் பக்கத்துப் பக்திப் பாடல் கேசட்டுகளுக்கு மாண்டலின் வாசித்தார். ஊர் ஊராகப் போன மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார்க்காரர் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் இறங்கிப் போனபோது, திருத்துறைப்பூண்டியிலிருந்து தஞ்சாவூர் வரும் வேனிலேயே அதையும் பழகி அன்று மாலை மேடையேறினார். “இவருக்குக் கம்பி இருந்தாப் போதும்யா, துணி காயப்போடுற கொடியக்கூட சுதி சேத்துருவாரு” என்று கூட வாசிப்பவர்கள் கேலி செய்வார்கள்.

யாருக்காவது காய்ச்சல், யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒப்புக்கொண்ட வாசிப்பை விட்டு எழுந்து போகிறவர் தம் இடத்தில் ஆள் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அப்படி வைக்கப்பட்ட ஆளாக இருந்தே இராஜாங்கம் குடும்பத்தை நடத்தினார். தமக்கு ஓர் ஆள் வைக்கும்படி அவருக்கு நேர்ந்ததில்லை.

பிறகு கீபோர்டு வந்து வயலின் வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்தது. இராஜாங்கம், செந்தில்குமார் நடத்திய மெல்லிசைக் குழுவில் சேர்ந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று சுற்றத் தொடங்கினார். குழுவில் இருந்த ஒரே வயலின் அவருடையது. அதையும் கீபோர்டிலேயே வாசித்துவிட்டால் ஓர் ஆள் குறையுமே என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் செந்தில்குமார் கேட்பார். கீபோர்டு வாசிக்கும் முத்துப்பேட்டை ஜாஃபர் சாதிக், தம் கீபோர்டில் வரும் வயலின் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கும், மேடையில் மானம் போய்விடும் என்று பேச்சை அங்கேயே வெட்டிவிடுவார். அதில் பாதி உண்மை. மீதி இராஜாங்கத்தின் நாற்காலிக்காகச் சொன்னது.

2022 அக்டோபர் 13, வியாழக்கிழமை. குழு துபாயில் இருந்தது. நிகழ்ச்சி மறுநாள் மாலை. காலையில் தம்பி சதீஷ் ஊரிலிருந்து அழைத்தான். விடியற்காலையில் வயலுக்குப் போய்த் தண்ணீர் பார்த்துவிட்டு வந்து படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை.

“நாளைக்கே எடுத்துடணும்ங்குறாங்க அம்மா. சனிக்கெழமைக்கு வெச்சிருக்கக் கூடாதாம்” என்றான். “வர முடியலன்னா பரவால்லண்ணே. கொள்ளிய நான் வெச்சுடறேன்.”

அவன் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் இராஜாங்கம் தாங்கியிருப்பார். தகப்பனுக்கு மூத்த மகன் வைக்க வேண்டிய கொள்ளி அது. அந்த இடத்துக்கும் ஓர் ஆள் தயாராக இருந்தான்.

செந்தில்குமார் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. மாலையில் திருச்சிக்கு விமானம் இருப்பதை அவரே பார்த்துச் சொன்னார். ஆனால் நிகழ்ச்சியின் முதல் பாட்டே தனி வயலினில்தான் தொடங்கும். தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்தும் துபாயில் வேறு வயலின்காரர் அகப்படவில்லை. கடைசியில் எல்லோரும் ஜாஃபர் சாதிக்கைப் பார்த்தார்கள். அவர் இராஜாங்கத்தைத் தம் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்.

“நீங்க கெளம்புங்கண்ணே. கீபோர்டுல இருக்குற சத்தத்த வெச்சே நான் ஒப்பேத்திக்கிறேன்.”

“நல்லாருக்காதே, தம்பி.”

“நல்லாருக்கக் கூடாதுண்ணே. கேக்கறதுக்கு நாராசமா இருந்தாத்தான் அடுத்த தடவ உங்களத் தேடுவாங்க.”

இராஜாங்கம் தம் வயலின் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாசிக்கும் சுரங்களை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து கீபோர்டில் ஏற்றிக்கொள்ள முடியும் என்பது இருவருக்கும் தெரியும். ஒருமுறை ஏற்றிவிட்டால் அது அங்கேயே இருக்கும் என்பதும் தெரியும்.

“இத்தன வருஷமா அடுத்தவங்க எடத்துல உக்காந்து, ஆள் மாறினதே தெரியாம வாசிச்சுக் குடுத்துருக்கேன். என் எடத்துல அரைகொறையா ஒண்ண வெச்சுட்டுப் போக மாட்டேன். மைக்க எடு” என்றார்.

ஜாஃபர் முடியாது என்றார். உங்கள் நாற்காலியை நீங்களே தூக்கிக் கொடுக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டார். பிறகு எழுந்து ஏசியை அணைத்தார். கதவின் அடியிடுக்கில் துண்டைச் செருகினார்.

இராஜாங்கம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தார். ஒரு சுரத்தை நீளமாக இழுப்பார். பிறகு அதையே மெல்ல, அழுத்தமாக, கீழிருந்து வழுக்கி ஏறியபடி. ஒன்று முடிந்ததும் அடுத்தது. அழுகை வரவில்லை. மேல் காந்தாரத்தை இழுத்தபோது மட்டும் வில் பிடித்த கை நடுங்கிவிட்டது. இன்னொருமுறை எடுத்துக்கொள்ளலாம் என்றார் ஜாஃபர். விமானத்துக்கு நேரமாகிறது, இருக்கட்டும் என்றார் இராஜாங்கம்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் வந்து சேர்ந்தார். அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். அம்மா அகிலாண்டம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பாடை வருவதைப் பார்த்த பெண்கள் கையில் நாற்று முடிச்சுகளோடு வரப்பில் ஏறி நின்றார்கள். இராஜாங்கம் தோளில் குடம் சுமந்து சுற்றி வந்து, திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தார்.

இரவு ஜாஃபரிடமிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: “யாருக்கும் தெரியலண்ணே.” அவருடைய தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. இராஜாங்கம் அதைப் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார்.

தை பிறந்ததும் குழு மலேசியா போனது. இராஜாங்கத்துக்கு அழைப்பு வரவில்லை. செந்தில்குமார் தயங்கித் தயங்கிப் பேசினார். இராஜாங்கமே பேச்சைச் சுருக்கமாக முடித்து அவரை விடுவித்தார். அதன் பிறகு சதீஷோடு சேர்ந்து குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக் கச்சேரிகளுக்கு மாண்டலினோ கிட்டாரோ எது கேட்டாலும் எடுத்துக்கொண்டு போனார்.

2024 தைக் கடைசியில் திருப்பனந்தாளில் ஒரு கல்யாண வரவேற்பு. செந்தில்குமாரின் குழுதான் வாசித்தது. பேஸ் கிட்டார்க்காரருக்குக் காய்ச்சல். பழையபடி இராஜாங்கத்தைக் கூப்பிட்டார்கள், போனார். ஜாஃபருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. அன்றைக்கு வாசிக்கும் பாட்டுகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாஃபர் குனிந்து காதருகில் கேட்டார்.

“அந்த மொதப் பாட்டு வேணாம்னு சொல்லிடவாண்ணே?”

“எதுக்கு? வாசி.”

மண்டபத்தில் பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள். மீதிப் பேர் மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள். ஜாஃபரின் விரல் பட்டதும் வயலின் எழுந்தது. வேறு எந்த வில்லும் அதோடு சேரவில்லை. துபாய் அறையில், கட்டில் ஓரத்தில், அப்பா இறந்த அன்று இழுத்த இழுப்பு. மேல் காந்தாரம் வந்தது. அதே இடத்தில் நடுங்கியது.

இதுல நீ எங்கடா இருக்க என்று கேட்டிருந்தால், இன்றைக்கு விரலை நீட்டிக் காட்டியிருக்கலாம்.

இரண்டாவது அடியில்தான் பேஸ் கிட்டார் சேர வேண்டும். இராஜாங்கம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தாளத்தை எண்ணினார். தம் இடம் வந்ததும், மறுபடி வந்த அந்தக் காந்தாரத்துக்குக் கீழே சட்ஜமத்தை அழுத்தமாக வைத்தார்.