இல்லாத மலையில் மோதினோம்

இன்று மத்தியானம் லேப்டாப்பில் விமானம் ஓட்டும் விளையாட்டைப் போட்டேன். நாகர்கோவில் குளங்கள், தென்னந்தோப்புகள் எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன.

எங்கள் ஊர் வந்ததும், வெளியே இருந்தது போலவே திரையிலும் மேகமூட்டம். பக்கத்தில் இருந்த அண்ணன், "இன்னும் தாழ்த்து மக்கா. அங்க மலை கெடையாதுல்லா" என்றான்.

தாழ்த்தினேன். மலையில் மோதி விழுந்தோம்.

பழைய செயற்கைக்கோள் படத்தை வைத்துச் செய்திருப்பார்கள் போல. குவாரிக்காக உடைத்துத் தீர்த்த மலை, திரையில் முழுசாக நின்றது. அந்தக் கல்லை அள்ளிப்போன டிப்பர்களில் ஒன்றை ஓட்டியவன் அண்ணன்தான்.

அவன் லேப்டாப்பை என் பக்கம் நகர்த்தினான். பிறகு, "மறுபடி போடு. இந்தத் தடவ சுத்திப் போவோம்" என்றான்.

ஜன்னலுக்கு வெளியே, மலை இருந்த இடத்தில் மேகம் மட்டும் நின்றது.

உங்கள் ஊர் மலை இருக்கிறதா? எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.