ஏழு வருடம் பிந்திப் போன செய்தி

"மறுகரை" என்ற செய்திப் பத்திரிகையின் வரலாற்றை எழுத இன்றைக்கு நான் ஒருத்திதான் மிச்சம். ஆசிரியர் என் அண்ணன். நிருபர், ஓவியர், தபால்காரர் எல்லாம் நான். வாசகி எங்கள் அம்மா மட்டும். அவளும் பல வருடம் அதைப் பிரித்தே பார்த்ததில்லை. அடுப்புப் பற்றவைக்க எடுத்துப் போகாமல் இருந்தாளே, அதுவே எங்களுக்குப் பெரிய ஆதரவு.

பத்திரிகை வெளிவந்தது பூமியில் அல்ல, மறுகரை என்ற கிரகத்தில். அங்கேயும் எல்லையோரத்து எங்கள் வேலந்தாவளம் மாதிரி ஒரு ஊர், ஒரு மாட்டுச் சந்தை. மாடுகளுக்கு மட்டும் ஆறு கால். பூமியிலிருந்து குடியேறியவர்கள் ராக்கெட்டில் தென்னம்பிள்ளை கொண்டுபோய் நட்டிருந்தார்கள், அது நீலமாகக் காய்த்தது. அப்போது அண்ணனுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பதினொன்று. நோட்டின் நடுத்தாளை உருவி மடித்தால் நான்கு பக்கம், அதுதான் ஒரு இதழ். மாதத்துக்கு ஒன்று வரும்.

இதெல்லாம் எந்தப் பிள்ளையும் கற்பனை செய்யக்கூடியதுதான். அண்ணன் வைத்த ஒரு சட்டம்தான் புதிது. பூமியின் செய்தி மறுகரைக்குப் போய்ச் சேர ஏழு வருடம் ஆகும். வெளிச்சமே அங்கே போக அவ்வளவு காலம் எடுக்கும்போது செய்தி மட்டும் எப்படி முந்திப் போகும் என்று பாடப்புத்தகத்தைத் தட்டிச் சொன்னான். ஆகவே நாங்கள் எழுதும் பூமிச் செய்தி எல்லாம் ஏழு வருடப் பழசு. அங்கே படிப்பவர்களுக்கு அது அன்றைய செய்தி.

முதல் இதழின் முதல் பக்கம்: "பூமியில் பரபரப்பு. பள்ளிக்கூட வாசலில் நான்கு வயதுப் பெண் புரண்டு அழுகை. டீச்சருக்குக் கடி." அந்தப் பெண் நான்தான். மானம் போயிற்று என்று குதித்தேன். மறுப்பு போடச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதை வாங்கிப் பத்திரமாக மடித்து வைத்தான்.

"கடுதாசி போய்ச் சேர ஏழு வருசம், பதுலு வர ஏழு வருசம். பொறுத்துக்க அம்முணி."

அவன் சித்தூரில் படித்து முடித்தான். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். மீசை வைத்த பிறகும் மாதக் கடைசியில், "நிருபர் தூங்கறாங்களா?" என்று என் தலையில் தட்டுவான். இருபத்து நான்காம் வயதில், காலை ஷிப்டுக்கு பைக்கில் போனவன் எலப்புள்ளி தாண்டி லாரியில் அடிபட்டு இறந்துபோனான்.

கருமாதி முடிந்த வாரம் மாதக் கடைசி. கை தானாக நோட்டை எடுத்தது. ஏழு வருடம் முந்தைய அந்த மாதத்தில் என்ன நடந்தது என்று யோசித்தேன். பதினேழு வயதுப் பையன் ஒருவன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தான், கையில் தூக்கிப் பிடித்த பரோட்டாப் பொட்டலம் மட்டும் நனையவில்லை. எழுதும்போது சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மறுகரையில் அவன் சாகவில்லை. அங்கே அவன் சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தான். வழக்கம்போல இதழைச் சமையலறை அலமாரியில் வைத்தேன்.

சாயங்காலம் அம்மா அந்தத் தாளோடு வந்து நின்றாள்.

"பரோட்டா இல்ல கண்ணு, பன்னு," என்றாள்.

அன்றிலிருந்து பத்திரிகைக்கு இரண்டு நிருபர்கள். அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. எந்த மாதம் அவனுக்குப் பல்வலி, எந்த மாதம் சட்டையில் மை கொட்டினான், எல்லாம் சொல்வாள். அவனுக்குக் காய்ச்சல் என்று ஒரு இதழில் எழுதினேன். மறுநாள் மிளகு ரசம் கொதித்தது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஊற்றிக் குடித்தேன்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. யாருக்குப் பைத்தியம் பிடிக்கிறது, அவளுக்கா எனக்கா என்று தெரியாத பயம். அப்பா அந்தத் தாளைத் தொடமாட்டார், அது கிடக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போவார். தெருவில் பைக் நிற்கும் சத்தம் கேட்டால் அம்மாவும் நானும் ஒன்றாக நிமிர்வோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குனிந்துகொள்வோம். சில நாள் அவன் அறையைக் கடக்கும்போது உள்ளே அவன் படித்துக்கொண்டிருக்கிறான் என்றே தோன்றும். கதவைத் திறந்து பார்க்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

இப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது. இந்த வருடம் அந்த மாதம் வந்தது.

அதற்கு முந்தைய இதழில் அவன் பைக்குக்குப் புதுக் கண்ணாடி மாட்டியிருந்தான். அடுத்து எழுத வேண்டியது ஒரே செய்தி. அதை எழுதினால் அம்மா உடைந்துபோவாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்காரி, மாத்திரையை என்னை ஏமாற்றித் துப்புகிறவள். தாளை மடித்து வைத்துக்கொண்டு பத்து நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கெரகத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சரலாமா? பத்து வருசத் தூரத்துக்கு?"

"தள்ளி வெச்சா?"

"இன்னும் மூணு வருசம் அண்ணன் அங்க இருப்பான்."

துருவுவது நின்றது.

"வேண்டாங் கண்ணு. இந்த மாசத்துத எழுது. எங்கிட்ட ஒரு சேதி இருக்குது."

தேங்காய் மூடியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "அன்னைக்கு அவன் எந்திரிக்கவே இல்ல. தல வலிக்குது, லீவு போட்டுக்கறேம்மான்னான். நாந்தான் போர்வைய உருவிப் போட்டு, தெனமும் இதே பொழப்பாப் போச்சு, கெளம்புடான்னு வெரட்டி உட்டேன். காப்பி கூடக் குடிக்காமப் போனான். யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒருநா நீ எழுதித்தானே ஆவோணும், அப்பச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

மகன் உயிரோடு இருக்கிறான் என்று படிப்பதற்காகத்தான் அவள் ஒவ்வொரு இதழையும் வாங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். அவளோ இந்த ஒரு இதழுக்காக ஏழு வருடம் காத்திருந்திருக்கிறாள். ஒரு நொடி அவள்மேல் கோபம் பொங்கியது. அடுத்த நொடியே அது என்மேல் திரும்பியது. அன்று காலை பக்கத்து அறையில் படுத்திருந்தவள் நான். அம்மா திட்டும் சத்தம் கேட்டு, காதை மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தேன். அதையும் எழுத வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு வைக்கவில்லை.

"போர்வைய உருவுனேன்னு எழுதுனயா?"

"எழுதிட்டேன்."

"காப்பி?"

"அதுவும்."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினாள். விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, கடைசி வரி வரை படித்தாள். நான் திரும்பிப் படுத்த வரியில் விரல் கொஞ்சம் நின்றது. என் தலையைத் தடவிவிட்டு மேலே படித்தாள். அழவில்லை.

"இத அங்க படிச்சுட்டு அவன் பதுலு போடுவானா?"

அவன்தான் செத்துப்போனான் என்று அந்தத் தாளில் இப்போதுதானே எழுதியிருந்தேன். ஆனாலும் சொன்னேன்.

"போடுவாம்மா. வர ஏழு வருசம் ஆகும்."

அம்மாவுக்கு இப்போது அறுபத்தொன்று. உதட்டுக்குள் கணக்குப் போட்டாள்.

"இருந்தர்றேன்," என்றாள்.

அன்று சாயங்காலம் நான் சொல்லாமலே மாத்திரையை எடுத்துப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.