கரம் போட்டிக்கு ஆள் தேடும் தலைவர்

எழுத்துகள் கோணலாகக் கிடக்கின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வயதில்தான் எழுதப் பழகினேன். மகள் இதைப் படமெடுத்து முகநூலில் போடுகிறாள்.

இன்று புத்தூர்ச் சந்தியில் எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் என்னை மறித்தார். கரம் சுண்டும் போட்டிக்குத் தன் தகப்பனாரின் ஞாபகார்த்தக் கிண்ணத்தைக் கொடுப்பவர் அவர். வருடாவருடம் அதை வென்று வீட்டுக்குக் கொண்டுபோகிறவரும் அவரே.

"அண்ணை, ஒருத்தரும் போட்டிக்குப் பேர் தருகினமில்லை. நீங்களாவது சேருங்கோவன்."

"ஓம், சேருறன்."

அவருக்குப் பெரிய சந்தோஷம். "விளையாடத் தெரியாட்டிலும் பரவாயில்லை."

"நல்லாத் தெரியும், தம்பி."

முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நீங்கள் நடுவரா இருங்கோவன். மரியாதையான வேலை."

நேரே கழகத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையில் என் பெயரை நானே பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.

கரம் ஆடத் தெரியாதவர்கள் இருந்தால் கீழே சொல்லுங்கள், தலைவர் இன்னும் தேடுகிறார். கிண்ணம் யார் வீட்டுக்குப் போனது என்பதை அடுத்த கிழமை இதே கோணல் எழுத்தில் அறிவீர்கள்.