காது கொடுத்துக் கேட்ட நாய்

செங்கல்பட்டு நீதிமன்றத்தில் முப்பது வருடம் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அந்த வேலை எனக்கு ஓர் ஓய்வூதியத்தையும் ஒரு வியாதியையும் கொடுத்தது. எழுத்துப் பிழையைக் கண்டால் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது, அதுதான் வியாதி. தீர்ப்பில் ‘விடுதலை இல்லை’ என்ற இடத்தில் ‘இல்லை’ விட்டுப்போனால் ஓர் ஆள் நேராக வீட்டுக்குப் போய்விடுவான். அந்தப் பயத்திலேயே பழகிய கண் இது. ஓய்வுக்குப் பிறகு தீர்ப்புகள் போய்விட்டன, பிழைகள் மட்டும் மிச்சம். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் ‘கொத்தமள்ளி’ என்று சிலேட்டில் எழுதி வைத்திருந்த காய்கறிக்காரர், தூரத்தில் நான் வருவது தெரிந்ததும் சிலேட்டைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார்.

வீட்டில் என்னோடு இருந்தது ஒரு நாய் மட்டும்தான். மகன் புனேவுக்கு மாற்றலாகிப் போனபோது என்னிடம் விட்டுவிட்டுப் போன லாப்ரடார். வெளிர் மஞ்சள் நிறம், நல்ல கனம். காவலுக்கு உதவாது. ஒருமுறை கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார். அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, நகர்ந்து வந்தது, அவருடைய பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நகர முடியாமல் அவர்தான் “யம்மா, யம்மா” என்று கத்தினார்.

தடுப்பூசி போட அதைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப்போனேன். கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். ஊசி இறங்கியதே தெரியாமல் கொட்டாவி விட்ட நாயை அவர் வெகுநேரம் பார்த்தார்.

“இப்படி ஒரு சோம்பேறிய நான் பார்த்ததே இல்லம்மா. இதுக்கு ஒரு வேலை இருக்கு” என்றார்.

அவரும் நண்பர்கள் சிலரும் சாதுவான நாய்களைப் பள்ளிக்கூடங்களுக்குக் கூட்டிப்போகிறார்களாம். சத்தம் போட்டுப் படிக்கப் பயப்படும் பிள்ளைகள் நாயின் பக்கத்தில் உட்கார்ந்து அதற்குப் படித்துக் காட்டுவார்களாம்.

“நாய்க்கு என்ன புரியும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் புரியாது. அதான் விசேஷமே. டீச்சர்னா திருத்துவாங்க. கூடப் படிக்கிறவங்க சிரிப்பாங்க. நாய் ரெண்டும் பண்ணாது.”

ஆனால் அதற்கு ஒரு தேர்வு உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் அது நடந்தது. எவர்சில்வர் தட்டை நாயின் பின்னால் டமாரென்று போட்டார்கள். காதைப் பிடித்து இழுத்தார்கள். வாலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியை ஓட்டினார்கள். என் நாய் புரண்டு படுத்தது. எல்லாரும் கை தட்டினார்கள். கடைசியில் டாக்டரின் நண்பர் ஒருவருடைய மகள் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். சுவரில் ‘பல்லி’ இருந்தது என்பதை அவள் சுவரில் ‘பள்ளி’ இருந்தது என்று படித்தாள்.

“பல்லிம்மா, பல்லி. நாக்க மடிக்காத” என்றேன் நான். சொன்னது நான்தான் என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

டாக்டர் கையில் இருந்த தாளில் எதையோ குறித்தார். “நாய் பாஸ். நீங்கதான் அடுத்த ஞாயித்துக்கெழம இன்னொரு தடவ வரணும்.”

நான் போனேன். இரண்டாவது முறை, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தேறினேன்.

எங்களுக்குக் கிடைத்த பள்ளி, மாமல்லபுரம் போகும் சாலையில், கடலோரக் குப்பம் ஒன்றில் இருந்தது. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து மூன்று அறை, முன்னால் ஒரு தாழ்வாரம், அதற்கப்பால் மணல். வியாழக்கிழமைதோறும் ஷேர் ஆட்டோவில் போவோம். முதல் நாள் ஓட்டுநர், “இன்னாம்மா, இது நாயா, கன்னுக்குட்டியா?” என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அது நடு சீட்டில் நீட்டிப் படுத்துவிட்டது. மீன் கூடைகளோடு ஏறிய பெண்கள் மூன்று பேர் அதன் மேல் கால் படாமல் ஓரத்தில் ஒடுங்கி வந்தார்கள்.

தலைமையாசிரியை துணிச்சலான மனுஷி. அனுமதி வாங்கிவிட்டீர்களா என்று நான் கேட்டபோது, “முறைப்படி கேட்டா முறைப்படி இல்லம்பாங்க. மொதல்ல ஆரம்பிங்க” என்றார்.

பிள்ளைகள் எனக்கு முதல் நாளே ‘நாய் டீச்சர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாய்க்குச் சொல்லித் தருகிறவளா, நாயே டீச்சரா என்பதை யாரும் விளக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். விளையாட்டு இடைவேளையில் அவள் குரல்தான் சாலை வரைக்கும் கேட்கும். யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யார் அவுட், எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் போதும், “டீச்சர், வயித்த வலிக்குது” என்பாள். அந்த வயிற்றுவலிக்குத்தான் தலைமையாசிரியை எங்களை வரவழைத்திருந்தார்.

நாயின் பக்கத்தில் உட்கார்ந்ததும் வயிற்றுவலி வரவில்லை. நான் கொடுத்த படப் புத்தகம், ஒரு யானை முடி வெட்டிக்கொள்ளப் போன கதை. அவள் அதைப் பிரித்தாள், தொண்டையைச் செருமினாள், ஆரம்பித்தாள்.

“ஒரு ஊர்ல ஒரு யான கீது. அது ஏலத்துக்கு வந்துச்சி. ஐஸ் பெட்டிய எவன்டா தூக்கினு போனதுன்னு கேட்டுச்சி. எவனும் வாயத் தொறக்கல. இந்தா நிக்கிறான் பாரு கத்திரி வெச்சிகினு, இவன்தான் திருடன்.”

புத்தகத்தில் ஐஸ் பெட்டியும் இல்லை, மீன் ஏலமும் இல்லை. ஒரு எழுத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. பக்கத்தைப் புரட்டினாள், சண்டையை வளர்த்தாள், கடைசிப் பக்கத்தில் போலீஸ் வந்து முடி வெட்டுகிறவரைப் பிடித்துக்கொண்டு போனது. உண்மையைச் சொன்னால், அச்சிலிருந்த கதையைவிட அது நன்றாகவே இருந்தது. ஆனால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் முந்தானை நுனி நைந்துபோயிற்று. நாய் குறட்டை விட்டது.

அந்தக் குறட்டைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “நான் கத்திகினு கீறேன், இது தூங்குது பாரு” என்றாள். அடுத்த வாரம் குரலை ஏற்றினாள். அதற்கடுத்த வாரம் சிங்கம் மாதிரி உறுமினாள். நாய் அசையவில்லை. நான்காவது வாரம் அவளுடைய கதையில் ஒரு ராஜா பசியோடு வந்தான். “ராஜாவுக்குக் கருவாட்டுக் கொழம்புதான் புடிக்கும். கருவாடு இன்னாதுக்கு இல்லன்னு ராணிய...”

நாய் தலையைத் தூக்கியது. இரண்டு காதும் முன்னால் வந்தன.

அவள் நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நாயைப் பார்த்தாள். மெதுவாகச் சொன்னாள்: “கருவாடு.”

காது மறுபடி எழுந்தது.

“ஐய! இதுக்குக் கருவாடுன்னா தெர்து!”

தெரியாமல் எப்படி இருக்கும்? என் சமையலறையில் தினமும் கேட்கிற வார்த்தை. உப்பு நாய்க்கு ஆகாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் வஞ்சிரக் கருவாடு பொரியும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற அந்தக் கண்களை டாக்டர் பார்த்ததில்லை.

அந்தப் பெண் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முதன்முறையாக என்னிடம் ஒன்று கேட்டாள். “இதுல கருவாடு எங்க கீது?”

நாங்களாகத் திருத்தக் கூடாது, கேட்டால் சொல்லலாம் என்பது விதி. நான் சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினேன். அவள் அதை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக இறக்கினாள்.

“கீது! க... ரு...” என்று கூவுவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கூட்டுவாள். “ம்... பு. கரும்பு. சே!” பிறகு, “கரு... டி... கரடி. இதுல ‘ரு’வே இல்ல, ஏமாத்துறான்.” வாத்து கிடைத்தது, வாழை கிடைத்தது, ஆடும் வீடும் காடும் கிடைத்தன. கருவாடு மட்டும் கிடைக்கவில்லை. மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு மாதம் அந்தத் தாழ்வாரத்தில் வேட்டை நடந்தது. சிங்கம் இருந்தது, ஒட்டகம் இருந்தது, பனிக்கரடிகூட இருந்தது. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த அலமாரியில் ஒரு புத்தகத்திலும் கருவாடு இல்லை.

வார்த்தைதான் இல்லை, பொருளாவது கொண்டுவருவோம் என்று பிள்ளைகள் நினைத்திருக்க வேண்டும். ஒரு வியாழக்கிழமை ஏழு பேர் பையில் கருவாடு கொண்டுவந்துவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது பள்ளியின் கூரை தெரியவில்லை, அவ்வளவு காக்கை. என்னிடம் வந்த நான்கு வருடத்தில் நாய் முதன்முறையாக ஓடியது. என்னையும் இழுத்துக்கொண்டு ஓடியது. அன்று இரண்டு பைகள் கிழிந்தன, ஒரு கணக்கு நோட்டு காணாமல் போயிற்று. மறுநாள் நாய்க்கு வயிறு சரியில்லாமல் செங்கல்பட்டுக்குப் போனோம்.

“யாரு இதுக்குக் கருவாடு குடுத்தது?” என்றார் டாக்டர்.

“பசங்க” என்றேன், ரொம்ப மெல்லிய குரலில். அது பொய்யில்லை, பாதி உண்மை.

அதன்பிறகு தலைமையாசிரியை ஒரு சட்டம் போட்டார். வார்த்தை மட்டும் வரலாம், பொருள் வரக் கூடாது.

அப்போதுதான் அந்தப் பெண்ணின் அம்மா பள்ளிக்கு வந்தார். தலையில் கூடை, இடுப்பில் கை.

“நீதான் நாய் டீச்சரா? எம்பொண்ணுக்கு இன்னா சொல்லிக்குடுத்த? பொழுதுபோனா வூட்டாண்ட நாலு தெருநாயக் கூட்டி வெச்சிகினு படிச்சிகினு கீது. மீன எடுத்துகினு வெளிய வர முடில, நாலும் வாசல்ல குந்திகினு என்னையே பாக்குது. பேஜாரா பூடுச்சி.”

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் குரலைத் தாழ்த்தினார். “அத்த வுடு. அது நெசமாவே படிக்குதா? இல்ல, அதுவா கத வுடுதா?”

“இப்ப படிக்குதும்மா. தப்பும் தவறுமா, ஆனா படிக்குது.”

அவர் கூடையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிறு டாக்டர் வந்து அந்த நாலு தெருநாய்களுக்கும் ஊசி போட்டார். பிடித்துக் கொடுத்தது அந்த அம்மாதான்.

புத்தகத்தில் இல்லாத கருவாட்டை அந்தப் பெண் கடைசியில் தானே எழுதிவிட்டாள். நோட்டில் எட்டு வரி, வரிக்கு ஒரு கருவாடு. ‘எங்க அம்மா கறுவாடு விக்கும். கறுவாடு நாறும். ஆனா நல்லா இருக்கும்.’ எட்டு இடத்திலும் வல்லின ‘று’. என் கை தானாகப் பேனாவைத் தேடியது. அவள் படித்தாள், நாய் எட்டு முறையும் காதைத் தூக்கியது. அதற்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். நான் பேனாவைப் பைக்குள் போட்டேன்.

இதற்கிடையில் யாரோ எடுத்த படம் ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. மேலே ‘பள்ளியில் நாய்க்குப் பாடம்’ என்று எழுதியிருந்தது. கல்வி அதிகாரி ஒருவர் விசாரிக்க வந்தார். கறாரான மனிதர், கையில் கோப்பு. தாழ்வாரத்தில் ஏறியவர் நாயைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு நாய் என்றால் பயம் என்பது எல்லாருக்கும் புரிந்தது, நாயைத் தவிர. அது எழுந்து போய் அவருடைய ஷூவின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

“இ... இத எடுங்க” என்றார் உதடு அசையாமல்.

“சார், எதுனா படி சார். படிச்சா தூங்கிடும்” என்றாள் அந்தப் பெண்.

கோப்பில் மேலாக இருந்தது ஒரு சுற்றறிக்கைதான். வேறு வழியில்லாமல் படித்தார். “பார்வையில் காணும் கடிதத்தின்மீது தங்களது மேலான கவனம் ஈர்க்கப்படுகிறது...” இரண்டாவது வரியில் குறட்டை கேட்டது.

“எங்க கதைக்கெல்லாம் இவ்ளோ சீக்கிரம் தூங்காது சார்” என்றாள் அவள், மரியாதையோடு.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. காலை உருவிக்கொண்டு உட்கார்ந்தார். அவளுடைய நோட்டை வாங்கினார். ஒரு வரி படித்ததும் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“சார், இங்க திருத்தக் கூடாது” என்றேன். அதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

“அப்போ எப்பதான் திருத்துவீங்க?”

“அது என் வேலை சார், வெள்ளிக்கிழமை” என்றார் தலைமையாசிரியை.

அவர் பேனாவை மூடினார். நாயின் தடுப்பூசிச் சான்று வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும், நாய் வகுப்பறைக்குள் வரக் கூடாது, தாழ்வாரத்தோடு சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பெற்றோர் கையெழுத்தில் முதலில் வந்தது அந்த மீன்கார அம்மாவுடையது. மகள் எழுதிக் காட்ட, பார்த்து எழுதியதாம்.

கோடை விடுமுறைக்கு முந்தின வியாழக்கிழமை நல்ல வெயில். நாய் தாழ்வாரத்தின் குளிர்ந்த சிமெண்டில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு, போய்ச் சேர்ந்த நிமிடமே தூங்கிவிட்டது. அந்தப் பெண் ஒரு தடிமனான புத்தகத்தோடு வந்தாள். ஆமை ஒன்று கடலைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும் கதை. படம் குறைவு, எழுத்து அதிகம். விரலை வைத்துக்கொண்டு படித்தாள். சில இடங்களில் நின்றாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள். நாயை எழுப்ப அவள் எதுவும் செய்யவில்லை. அது தூங்குவதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மணலில் ஓடினார்கள். ஷேர் ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் கயிற்றை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: “அந்த அண்ணாத்தைய செத்த நேரம் நிக்கச் சொல்லு. ஆம இன்னும் கரைக்கு வர்ல.”

நான் போய்ச் சொன்னேன். ஓட்டுநர் இன்ஜினை அணைத்தார்.