புதன்கிழமை காணாமல் போன செவ்வாய்க்கிழமை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, இந்தப் பத்திரிகைப் பகுதிக்காக முக்கால்வாசி எழுதி ஸேவ் பண்ணி வைத்தேன். புதன்கிழமை திறந்து பார்த்தால் — இல்லை.

தேடினேன். ரீசைக்கிள் பின்னில் இல்லை. வேறு பெயரிலும் இல்லை. ஸேவ் பண்ண மறந்திருப்பேன் என்று மறுபடி முதலிலிருந்து எழுதினேன். யாருக்குத்தான் இது நடந்ததில்லை?

வியாழக்கிழமை திறந்தேன். செவ்வாய்க்கிழமை எழுதியது இருந்தது. வைத்த இடத்திலேயே, வைத்தபடியே. புதன்கிழமை எழுதியதைத்தான் காணோம்!

சொன்னால் நம்புவீர்களா? பகல் பதினோரு மணி, தெருவில் காய் வண்டிக்காரர் சத்தம், மேலே ஃபேன் ஓடுகிறது — எனக்கு முதுகு சில்லிட்டது.

கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ச் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது. ஆன் பண்ணிவிட்டு, காபி போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் என் கணவர் தனசேகர் எஸ்எஸ்டி என்கிற வேகமான புது டிஸ்க் ஒன்று வாங்கி வந்தார். உள்ளங்கையில் அடங்குகிற தட்டைப் பெட்டி. பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த மொத்தத்தையும் — விண்டோஸ், என் எழுத்து, மகள் கல்யாண ஃபோட்டோ — அப்படியே அதில் காப்பி பண்ணினார். கடைக்காரரைக் கூப்பிடவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்க்கிற மனுஷர். வயரைப் பார்த்தால் விடமாட்டார்.

"பழைய டிஸ்க்கும் உள்ளயே கெடக்கட்டும் சுமதி, ஒரு சேஃப்டிக்கு" என்று மூடியை மாட்டினார். அதன் பிறகு கம்ப்யூட்டர் பறந்தது. காபி போட நேரமே இல்லை.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

இவ்வளவு சின்ன விஷயத்துக்கா பயந்தாய் என்று கேட்பீர்கள். என் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு, வைக்கவே இல்லை என்று பக்கத்து அடுப்பில் இன்னொன்றை வைப்பார். கேட்டால் கோபம் வரும். கடைசி வருஷம் நான் உள்ளே நுழைந்ததும், "வாங்க, உக்காருங்க, யாரைப் பாக்கணும்?" என்று அவ்வளவு மரியாதையாக விசாரிப்பார். அம்மாவுக்கு அது தொடங்கிய வயதுதான் இப்போது எனக்கு.

அதனால் வீட்டில் மூச்சு விடவில்லை. எழுதியது ஒரு நாள் இருக்கும், மறுநாள் இருக்காது, அதற்கடுத்த நாள் முளைக்கும். சில நாள் கம்ப்யூட்டர் பழையபடி ஆமையாக நகரும். வோல்டேஜ் சரியில்லை என்று விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரைச் சந்தேகப்படவே தோன்றவில்லை... என்னைச் சந்தேகப்படுவதுதான் சுலபமாக இருந்தது. போனை எடுத்து ஸ்க்ரீனை ஒரு ஃபோட்டோ பிடித்தால் உண்மை தெரிந்துவிடும். தெரிந்துவிடுமே என்றுதான் பிடிக்கவில்லை.

இதற்கு நடுவில் வீடு விநோதமாக மாறிக்கொண்டிருந்தது. நான் சமையலறையை விட்டு வந்ததும் அவர் உள்ளே போவார். கேஸ் குமிழைத் திருகிப் பார்க்கிற சத்தம் கேட்கும். வீட்டுச் சாவி ஆணியிலிருந்து அவர் சட்டைப் பைக்குப் போனது. முப்பது வருஷமாக என்னிடம் கத்திப் பேசியே பழகியவர், குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசினார். "சாப்ட்டியாம்மா?" — பயமாக இருக்காதா?

ஒரு சனிக்கிழமை காய்கறி வாங்கக் கிளம்பினேன். எதிர்வீட்டு மெர்ஸி பின்னாலேயே வந்தாள். நான் நின்றால் நின்றாள். திரும்பிக் கேட்டேன்.

"கோச்சிக்காதீங்கக்கா. அண்ணன்தான் சொன்னாரு, நீங்க வெளிய போனா கொஞ்சம் பாத்துக்கோன்னு" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இன்னாக்கா, ஒடம்புக்கு எதனாவா?"

எங்கள் திருவள்ளூர் மணவாள நகர் தெருவில், வெயிலில், கையில் காலிப் பையோடு நின்றேன். அப்படியானால் அவருக்கும் தெரிந்திருக்கிறது!

வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம் எழுதி ஸேவ் பண்ணி, ஸ்க்ரீனை போனில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டேன். ஞாயிறு இருந்தது. திங்கள் காலை இல்லை. போனில் பார்த்தேன் — இருக்கிறது. தேதி, நேரம், என் வரிகள்... எல்லாம். போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவரிடம் போன் ஃபோட்டோவையும் கம்ப்யூட்டர் ஸ்க்ரீனையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். "கல்யாண ஃபோட்டோவ நான் ஃபோல்டர் போட்டு அடுக்கி வெச்சேன். மறுநாளு பார்த்தா எல்லாம் கலைஞ்சிக்கினு இருந்துச்சு. நீதான் கலைச்சிட்டு, தொடவே இல்லன்னு சொல்றியோன்னு..." என்று நிறுத்தினார். "எழுதினதையே திரும்ப எழுதிக்கினு வேற இருந்தியா... அத்தைக்கு வந்த மாதிரி ஆயிடுச்சோன்னு பயந்துட்டேன் சுமதி."

"அதுக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

போனைக் கீழே வைத்தேன்.

"இன்னிக்கு மெஷின் ஸ்லோவா இருந்துச்சா?" என்றார் திடீரென்று. ஆமாம் என்றேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். டார்ச் அடித்தோம். புது எஸ்எஸ்டிக்குப் போகிற கேபிள் முழுசாக உட்காரவே இல்லை. சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். பிடிப்பு இருக்கிற நாளில் கம்ப்யூட்டர் புது டிஸ்க்கிலிருந்து எழும். பிடிப்பு விட்ட நாளில் அதைத் தேடிப் பார்த்துவிட்டு, கிடைக்காமல், பழைய டிஸ்க்கிலிருந்து எழும். இரண்டும் அச்சு அசல் ஒன்று. அதே ஸ்க்ரீன், அதே ஐகான்கள். நான் ஒருத்திதான் உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு கம்ப்யூட்டர்களில் எழுதியிருக்கிறேன். ஒன்றில் நடந்தது இன்னொன்றுக்குத் தெரியாது.

கேபிளை அழுத்தினார். 'டிக்' என்றது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். நான்தான் ஜாஸ்தி சிரித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவர் எனக்காகச் சென்னையில் ஒரு நரம்பு டாக்டரிடம் ரகசியமாக அப்பாயின்ட்மென்ட் வாங்கி வைத்திருந்தார். "கேன்சல் பண்ணிட்றேன்" என்றார். வேண்டாம், ஒரு தடவை போய்வந்தால் எனக்கும் நிம்மதி என்றேன். போனோம்.

டாக்டரம்மா கிழமை கேட்டார். ஐந்து வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு... "போதும்மா, நல்லா இருக்கீங்க" என்றார். பக்கத்து நாற்காலியில் இவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது லோக்கல் ட்ரெயினில் ஆவடி தாண்டியதும் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. இவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்:

"எனக்கு எம்பத்தாறுக்கு மேல வரல சுமதி."

"கணக்குல என்னைக்கு நீங்க..." என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"முப்பது வருஷமா கேபிள் மாட்றவன். அந்தக் கேபிளை அழுத்தாம வுட்டிருக்கேன். ஃபேக்டரில பேனலைத் தொறந்தா, எதுக்குத் தொறந்தேன்னு நிக்கிறேன். ரெண்டு மூணு தபா ஆயிடுச்சு. உன்னைப் பாத்துக்கினு இருந்தா அது மறந்துடும்னு..."

திருவள்ளூர் வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வாரம் அவர் பெயரில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போய் வந்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். ஆரம்பம் மாதிரி தெரிகிறது, மருந்து இருக்கிறது, தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டரம்மா. ஃபேக்டரியில் இவரே மேனேஜரிடம் போய், கரண்ட் ஓடுகிற பேனல் வேலை இனி தனக்கு வேண்டாம், ஸ்டோர்ஸில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். யோசித்துவிட்டுச் சொன்னார்:

"எழுதிக்கோ. ஆனா எம்பத்தாறு வரைக்கும் கரெக்டா வந்தேன்னு போடு."