மஞ்சள் கம்மல் போட்ட கிடா

ஊசி போட ஆட்டைப் பிடித்துக்கொடுக்கிற வேலையில் ஆடு முட்டினால் முழங்கால்தான் போகும். ஆட்டுக்காரர்கள் வாயைத் திறந்தால் நெஞ்சே நின்றுபோகும். கால்நடை ஆஸ்பத்திரிகளில் குப்பை கொட்டிய என் கூட்டாளிகளுக்கு இது புரியும்.

பாதி மந்தை

ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. வெள்ளாடுகள் நெஞ்சில் சளி கட்டி, இருமி இருமிச் சாகிற தொற்றுநோய்க்குப் புதுத் தடுப்பூசி. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு டாக்டரம்மா தென்காசிக்கு வந்தார், துணைக்கு நான். பண்பொழி மலையடிவாரத்தில் பேச்சியம்மாளின் மந்தையில் பாதிக்கு ஊசி, மீதிக்குக் கிடையாது. நோய் வந்தால் வித்தியாசம் தெரியுமே என்று விளக்கினேன். பேச்சி அதிர்ந்துபோனாள்.

"பாதிப் பிள்ளைக்குச் சோறு போட்டுட்டு, மீதிப் பிள்ளை எப்படிச் சாவுதுன்னு பாக்கவா அண்ணாச்சி வந்திருக்கிய?"

கம்மல்

கொட்டகைக்குள் டாக்டரம்மா ஊசி போடுவார். பேச்சி அந்த ஆட்டை வெளியே இழுத்து வருவாள். வாசலில் நான் காதைத் துளைத்து மஞ்சள் வில்லையைக் கம்மல் போல மாட்டுவேன். ஊசி போட்டதற்கு அதுதான் அடையாளம். எல்லாமே கன்னி என்கிற நாட்டு இன ஆடுகள். கருப்பு உடம்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, ஒன்றுக்கொன்று அச்சு அசல். ஒரு கிடா கத்திய கத்தலில் குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள், மலையே இடிகிறது என்று துண்டோடு ஓடினார்கள். பொய் என்றால் ஓடினவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"சும்மா மாட்டுங்க அண்ணாச்சி, இவனுக்குக் கம்மல் எடுப்பாத்தான் இருக்கு."

இருமல்

சாரல் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சந்தையில் ஆடு வாங்கினார். அது இருமலையும் கூட்டி வந்தது. பேச்சியின் மந்தையில் கம்மல் இல்லாத ஆடுகள் சில படுத்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒருநாள் காலை, மூக்கில் நுரையோடு செத்துக் கிடந்தது மஞ்சள் கம்மல் போட்ட கிடா! டாக்டரம்மா முகம் வெளுத்த வெளுப்பை வைத்து மேலகரம் ஊர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருக்கலாம். அறுத்துப் பார்த்தால் நுரையீரல் கல்லாக இறுகி, நெஞ்சுக்கூட்டோடு ஒட்டிக் கிடந்தது. அதே நோய்.

"ஊசி தோத்துப்போச்சு ஐயா. இத்தனை வருஷ வேலையையும் மூட்டை கட்டச் சொல்லிருவாங்க."

சாமி கிடா

எங்கள் ஊசி போட்ட ஆடுகளுக்குக் கழுத்தில் சுண்டைக்காய் போல ஒரு கட்டி நிற்கும். டாக்டரம்மா செத்த கிடாவின் கழுத்தைத் தடவினார். கட்டியே இல்லை! மந்தை முழுவதையும் தடவிக்கொண்டே போனார். மூலையில் கொழுகொழுவென்று தழை தின்றுகொண்டிருந்தது இன்னொரு கிடா. காதில் கம்மல் இல்லை. கழுத்தில் கட்டி இருக்கிறது.

"ஏட்டி பேச்சி, என்ன இது?" என்று அலறினேன். அது மாடசாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட கிடாவாம். காதில் ஓட்டை விழுந்தால் ஊனமாகிவிடும், சாமி ஏற்காது. ஆகவே ஊசியை அதற்குப் போடவைத்துவிட்டு, கம்மலுக்கு வேறு கிடாவை வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறாள். டாக்டரம்மா புழுக்கை மேலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். பேச்சி அசரவில்லை.

"ஊசி சாமி கிடாவுக்கு, கம்மல் கறிக் கிடாவுக்கு. ரெண்டையும் ஒரே ஆட்டுக்குத்தான் போடணும்னு நீங்க சொல்லவே இல்லல்லா!"

தடுப்பூசி பிழைத்துக்கொண்டது, அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும், ஆட்டுக்கு என்ன நோய் என்று கேட்பதற்கு முன்னால், அது எந்தச் சாமிக்கு என்று கேட்டுக்கொள்கிறோம்.